வெக்கை ஊரில ஊசிப்பின்னல்: தறி நூலில குழந்தைச் சட்டை பின்னலாமா?

கல்லடிக்காரி | 2024 மே 4

டவுனுக்குள்ள எந்தக் கடையில கேட்டாலும் அக்ரிலிக் நூல்தான் எடுத்துக் காட்டுறாங்க. மட்டக்களப்பு வெக்கைக்கு அதைப் பச்சைப்பிள்ளைக்குப் போட்டா கழுத்தெல்லாம் வேர்க்குரு. பின்னுறதுக்கான கொட்டன் நூலைக் கொழும்பில இருந்து எடுப்பிச்சா நூல் காசே கடைச் சட்டையின்ட விலையைத் தாண்டிடும்.

மருதமுனையில தறிக்கு எடுக்குற பருத்தி நூல் கிலோக் கணக்கில இருக்கு. ஆனா அது தையல் நூல் மாதிரி மெல்லிசு. இழைகளைச் சேர்த்துப் பிடிச்சு 4 பிளை (பின்னல் நூலின்ட தடிப்பைச் சொல்ற எண், கூடினா நூல் தடிப்பு) அளவுக்குக் கொண்டு வரலாமா? எத்தினை இழை? எந்த ஊசி? ஒண்டு ரெண்டு தரம் கழுவின பிறகும் சட்டை சட்டையா இருக்குமா?

தறிமேடை | மே 4, இரவு

கோனின்ட அடியிலயோ கட்டின்ட சுட்டியிலயோ 2/20, 2/40, 2/60, 2/80 எண்டு ஒரு எண் இருக்கும். அதைப் பார்க்காம இழை எண்ணாதீங்க.

முன்னுக்கு இருக்கிற 2, ரெண்டு ஒற்றை இழையை முறுக்கி ஒண்டாக்கியிருக்கு எண்டு சொல்லுது. பின்னுக்கு இருக்கிறது ஒற்றை இழையின்ட எண். எண் கூடக் கூட நூல் மெல்லிசு. ஒரு இறாத்தல் நூலில 840 யார் நீளக் கழி (சுத்திக் கட்டின நூல் கட்டு) எத்தினை வருமோ அதுதான் அந்த எண். 2/40 எண்டா ரெண்டு இழை சேர்ந்ததால எண் பாதியாகி 20. இருபது கழி, 16,800 யார், இறாத்தலுக்கு 453.6 கிராம். பிரிச்சுப் பார்த்தா ஒரு கிராமுக்கு 33.9 மீற்றர். 2/20 அதில பாதி நீளம், கிராமுக்கு 16.9 மீற்றர்.

கடையில விக்கிற 4 பிளை கொட்டன் பந்து 50 கிராமில ஏறக்குறைய 170 மீற்றர், அதாவது கிராமுக்கு 3.4. ஆக 2/20 எண்டா 5 இழை, 2/40 எண்டா 10 இழை. 8 பிளை தடிப்பு வேணுமெண்டா, 50 கிராமில 105 மீற்றர் எண்டு வைங்க, 2/20 இல 8 இழை. 2/60, 2/80 பக்கம் போகாதீங்க. அது சாறிக்கான நூல். பதினைஞ்சு இருபது இழையைச் சேர்த்துப் பிடிச்சா ஊசி முனை ஒவ்வொரு கண்ணியிலயும் ரெண்டு மூணு இழையை விட்டுட்டுப் போகும்.

நூல்கண்டு | மே 5

தறிமேடை நானாட கணக்குச் சரி. 2/20, 5 இழை, 3 மி.மீ ஊசி. இதில இருந்து தொடங்குங்க. மூணு மாதம் வரைக்குமான ஒரு முன்திறப்புச் சட்டைக்கு 4 பிளை அளவில 400 மீற்றர் போகும். அஞ்சு இழைக்கு 2,000 மீற்றர், கிட்டத்தட்ட 120 கிராம். மாதிரித் துண்டுக்கும் சேர்த்து 150 கிராம் எடுங்க. ஒரே சாயத்தொட்டியில வந்த நூலா இருக்கோணும். பிறகு போய் எடுத்தா நிறம் அரை மாத்து வித்தியாசப்படும்.

சேர்த்துச் சுத்துறதிலதான் வேலையே கிடக்கு. கழியை நேரே பிரிச்சு அஞ்சு மடிப்பாப் பிடிக்காதீங்க. முதல்ல அஞ்சு தனி உருண்டையாச் சுத்துங்க. தராசில நிறுத்து அஞ்சும் ஒரே எடையாகப் பிரிச்சிட்டா ஒண்டு முந்தி முடிஞ்சு மற்றது மிஞ்சாது. ஒவ்வொண்டையும் ஒவ்வொரு ஜாம் போத்தலுக்குள்ள போட்டு, அஞ்சு நுனியையும் ஒரு காப்புக்குள்ளால எடுத்து, காப்பை உயரத்தில கட்டித் தொங்க விட்டு, கீழ இருந்து ஒரே உருண்டையாச் சுத்துங்க. அஞ்சு இழையும் ஒரே இழுவையில வரோணும். ஒரு இழை மட்டும் தளர்வா வந்தா பின்னல்ல அது சின்னச் சின்ன வளையமா வெளியில நீட்டிக்கொண்டு நிக்கும். பிள்ளையின்ட விரல் அதிலதான் மாட்டும். சுத்தேக்க மின்விசிறியை நிப்பாட்டுங்க. காத்து இழைகளைக் குழப்பிடும்.

மாதிரித் துண்டு இல்லாம சட்டை தொடங்கவே கூடாது. 44 கண்ணி போட்டு 15 செ.மீ உயரம் பின்னுங்க. ஓரத்தில நாலு கண்ணி காட்டர் (எல்லா வரியும் நிட், அதாவது நேர்க் கண்ணி) வைச்சா சுருளாது. கழுவ முந்தி நடுவில 10 செ.மீ.க்கு எத்தினை கண்ணி, எத்தினை வரி எண்டு எண்ணி எழுதுங்க. பிறகு சட்டையை எப்பிடிக் கழுவப் போறீங்களோ அப்பிடியே இதையும் கழுவிக் காய வைச்சு மறுபடி எண்ணுங்க. பருத்தி நீளத்தில சுருங்கும், அகலத்தில பெரிசா மாறாது. ரெண்டாவது எண்ணிக்கையிலதான் சட்டைக் கணக்குப் போடோணும்.

எட்டாம் நம்பர் | மே 5

3 மி.மீ எண்டு சொன்னா எங்கட வீடுகளில இருக்கிற பழைய ஊசிகளில அந்த எண்ணைக் காண மாட்டீங்க. அதில இருக்கிறது பிரிட்டிஷ் இலக்கம், எண் கூடினா ஊசி மெல்லிசு. 8 எண்டா 4 மி.மீ, 10 எண்டா 3.25, 11 எண்டா 3, 12 எண்டா 2.75, 13 எண்டா 2.25. அமெரிக்க இலக்கம் தலைகீழ். அங்க 3 எண்டா 3.25 மி.மீ, 6 எண்டா 4, 8 எண்டா 5 மி.மீ. யூடியூப்பில 8ஆம் ஊசி எண்டு சொன்னாங்களெண்டு அம்மம்மாட 8ஆம் ஊசியை எடுத்தா ஒரு முழு மில்லிமீற்றர் வித்தியாசம். சட்டை ஒரு அளவு சின்னதாப் போயிடும்.

எண் அழிஞ்ச ஊசியை அளக்க ஒரு பிளாஸ்டிக் அடிமட்டத்தில 2, 2.5, 3, 3.5, 4 மி.மீ துளைப்பான் அலகால ஓட்டை போட்டு வைங்க. ஊசி இறுக்கமில்லாம, ஆட்டமுமில்லாம போற ஓட்டைதான் அதின்ட அளவு.

கல்லடிக்காரி | மே 9

மாதிரித் துண்டு முடிஞ்சுது. கழுவ முந்தி 28 கண்ணி, 36 வரி. கழுவிக் காய்ஞ்ச பிறகு 28 கண்ணி, 39 வரி. நூல்கண்டு டீச்சர் சொன்ன மாதிரி அகலம் அசையவே இல்ல.

ரெண்டு கேள்வி. ஸ்டொக்கிங் பின்னல்ல (ஒரு வரி நிட், ஒரு வரி பேர்ல் எண்ட மறுபக்கக் கண்ணி) ஒரு வரி இறுக்கம், ஒரு வரி தளர்வு எண்டு கோடு கோடாத் தெரியுது. அக்ரிலிக்கில இப்பிடி வாறதில்ல. அடுத்தது, ரிப் (நிட்டும் பேர்லும் மாறி மாறி வாற இழுவைப் பட்டி) போட்ட இடம் இழுத்தா இழுத்தபடியே நிக்குது. திரும்பச் சுருங்குதில்ல.

நூல்கண்டு | மே 9

அக்ரிலிக்குக்கும் கம்பளிக்கும் நீட்டுத்தன்மை இருக்கு. கை இறுக்கம் மாறினாலும் நூல் தானே சரிக்கட்டிடும். பருத்தி சரிக்கட்டாது, கையில உள்ளதை அப்பிடியே காட்டும். பேர்ல் வரியில நூலைச் சுத்தி எடுக்கிற பாதை கொஞ்சம் நீளம், அதால அந்த வரி தளரும். உங்கட ரெண்டு ஊசியில ஒண்டை மாத்துங்க. நிட் பின்னுற கையில 3 மி.மீ, பேர்ல் பின்னுற கையில 2.75. கோடு மறைஞ்சிடும். வட்டமாப் பின்னினா பேர்ல் வரியே வராது, பிரச்சினையும் வராது.

ரிப்புக்கு மூணு வழி. ஒண்டு, உடம்புக்கு 3 மி.மீ எண்டா ரிப்புக்கு 2.25. ரெண்டு, கண்ணியைப் பத்தில ஒரு பங்கு குறைச்சுப் போட்டு, ரிப் முடியிற வரியில கூட்டுங்க. மூணு, நிட் கண்ணியைப் பின்பக்கத்தால குத்திப் பின்னுங்க. கண்ணி முறுகி நிக்கும், இறுக்கம் கூடும், கோடும் வடிவாத் தெரியும். மூணையும் சேர்த்துச் செய்தாலும் கம்பளி ரிப் மாதிரிப் பிடிக்காது. அதால பிள்ளைச் சட்டையின்ட கையிலயும் கீழ் ஓரத்திலயும் ரிப்பே வைக்காம ஆறு வரி காட்டர் வைக்கிறதுதான் என்ட தெரிவு. பிள்ளைக்கும் அதுதான் சுகம், மணிக்கட்டில தடம் பதியாது.

உங்கட எண்ணிக்கைக்குக் கணக்கு: சட்டை நீளம் 26 செ.மீ எண்டா 26 × 3.9 = 101 வரி. பின்னி முடிச்ச உடன அது 28 செ.மீ இருக்கும். பயப்பட வேணாம், கழுவினதும் 26க்கு வந்திடும். முதுகுக்கு 23 செ.மீ எண்டா 64 கண்ணி.

வாவிக்காற்று | மே 12

அக்ரிலிக்கை அப்பிடியே தூக்கி எறிய ஏலாது. பை, பொம்மை, கதவுத் தொங்கல், பூ, கதிரை விரிப்பு எல்லாத்துக்கும் அதுதான் நல்லம். நிறம் போகாது, நனைஞ்சாக் கெதியாக் காயும், பூஞ்சணம் பிடிக்காது. லண்டனுக்கும் சுவிசுக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்புற ஸ்வெட்டருக்கும் பிழையில்ல, அங்க மெசினில போட்டுக் கழுவுவாங்க. தோலோட ஒட்டிக் கிடக்கிற உடுப்புக்குத்தான் எங்கட ஊரில சரிவராது, வேர்வையை உறிஞ்சாது.

சுட்டியே இல்லாம ‘கொட்டன்’ எண்டு சொல்லி விக்கிற நூலை நம்பி வாங்காதீங்க. ஒரு விரல் நீளம் வெட்டி, குறட்டில பிடிச்சு, தண்ணிப் பாத்திரத்துக்கு மேல வைச்சுக் கொளுத்துங்க. பருத்தி கடதாசி எரியிற மணத்தோட எரிஞ்சு, தொட்டா உதிர்ற சாம்பலாகும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு கறுத்த கட்டியாகும், ஆறினாக் கல்லு மாதிரி. கம்பளி தலைமுடி பொசுங்குற மணம் தரும், கரி நசுக்கினாப் பொடியாகும். கலப்பு நூல் எண்டா மணம் கடதாசியா இருக்கும், நுனியில கட்டியும் நிக்கும்.

அக்ரிலிக்கில அயர்ன் வைக்கவே வேணாம். சூடு பட்ட இடம் உயிர் இல்லாமத் தொய்ஞ்சு பளபளக்கும். பிறகு திருப்ப ஏலாது.

தறிமேடை | மே 13

நிறம் பத்தி ஒரு சொல். தறி நூலில கடும் சிவப்பு, மெறூன், கறுப்பு, கடும் நீலம் எல்லாம் கழியாக இருக்கேக்கயே சோதிங்க. வெள்ளைத் துணியை நனைச்சு நூலில சுத்தி அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க. துணியில நிறம் ஏறினா வெள்ளையோட சேர்த்துப் பின்னாதீங்க. சாயம் போடாத மங்கல் நிறக் கோன் எடுத்தா அதில மெழுகுத்தன்மை இருக்கும், தண்ணியில போட்டா மிதக்கும். சவர்க்காரத்தூளும் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் போட்டு ஒரு மணித்தியாலம் மெல்லிய சூட்டில அவிங்க. தண்ணி தேயிலைச்சாயம் மாதிரி இறங்கும். பிறகு போட்ட உடன தாழும், அதுதான் அடையாளம். அவிக்க முந்திக் கழியை நாலு இடத்தில தளர்வாக் கட்டுங்க, இல்லாட்டிச் சிக்கெடுத்தே பொழுது போயிடும். சாயம் போட்ட கழியை அவிக்கக் கூடாது.

வாவிக்காற்று | மே 13

நிறம் போற நூலை உப்புத்தண்ணியில ஒரு இரவு ஊற வைச்சா நிக்கும்தானே? விநாகிரியும் விடுறாங்க.

நூல்கண்டு | மே 14

நிக்காது வாவிக்காற்று. எல்லா வீட்டிலயும் சொல்றதுதான், ஆனா பருத்தியில பலிக்காது. சாயம் காய்ச்சேக்க உப்புப் போட்டா சாயம் நூலுக்குள்ள கூட இறங்கும், அந்தக் கட்டத்தோட உப்பின்ட வேலை முடிஞ்சுது. பிடிக்காம மேல நிக்கிற சாயத்தை உப்பு ஒட்ட வைக்காது. விநாகிரி கம்பளிக்கும் பட்டுக்கும் போடுற அமிலச் சாயத்துக்குத்தான் உதவும். செய்ய வேண்டியது ஒண்டுதான்: சவர்க்காரத் தண்ணியில திரும்பத் திரும்ப அலசி, தண்ணி தெளிவாகும் வரைக்கும் மிஞ்சின சாயத்தை வெளியில எடுக்கிறது. கச்சான் காத்து (மழையில்லாத காலத்துக் காய்ஞ்ச காத்து) அடிக்கிற மாதங்களில இதைச் செய்து முடிங்க. வெளியில நிழல்ல போட்டா ஒரு பகலில காயும்.

வெள்ளைத்தொப்பி | ஜூன் 2

அக்கரைப்பற்றுப் பக்கம் இருந்து எழுதுறன். ஊசிப்பின்னல் இல்ல, குரோசே. தொழுகைத் தொப்பி பின்னுறவங்களுக்கும் இந்த நூல் கணக்கு உதவும் எண்டதால சொல்றன்.

தொப்பிக்கு முறுக்குக் கூடின, பளபளப்பான மெர்சரைஸ் நூல்தான் வேணும். இலக்கம் 10க்கு 1.5 மி.மீ கொக்கி, இலக்கம் 20க்கு 1.25, இலக்கம் 40க்கு 1 மி.மீ. தறி நூலை இதுக்குப் பாவிச்சாப் பஞ்சு கிளம்பும், துளைகள் மங்கிப் போகும்.

நடு வளையத்தில 12 டிரெபிள். ஒவ்வொரு சுற்றுக்கும் 12 கூட்டுங்க: 24, 36, 48. தட்டு மேசையில தட்டையாப் படுத்தாச் சரி. ஓரம் அலை அலையாக் கிளம்பினாக் கூட்டல் கூடிப்போச்சு, கிண்ணமாக் குழிஞ்சாக் காணாது. ரெண்டு சுற்றுக்கு ஒருக்கா மேசையில வைச்சுப் பாருங்க. பத்துச் சுற்றுப் போன பிறகு பார்த்தா அவிழ்க்கத்தான் வேணும். தலைச்சுற்று 56 செ.மீ எண்டா அதை 3.14ஆல் பிரிச்சா 17.8. தட்டு 17 செ.மீ வந்த உடனே கூட்டுறதை நிப்பாட்டி நேரே இறங்குங்க. நூல் கொஞ்சம் இழுபடும் எண்டதால அந்தக் குறைவு வேணும். கூட்டுற இடம் ஒவ்வொரு சுற்றிலயும் ஒரே கோட்டில வந்தாத் தட்டு பன்னிரண்டு மூலையாகும். அரைவாசி இடம் தள்ளித் தள்ளிக் கூட்டினா வட்டமா வரும்.

முடிஞ்ச பிறகு பச்சரிசிக் கஞ்சித் தெளிவில தோய்ச்சு, தலை அளவுள்ள சட்டியைக் கவிழ்த்து, அதுக்கு மேல பொலித்தீன் போட்டு, தொப்பியை இழுத்து விட்டுக் காய வைங்க. கஞ்சி தடிப்பா இருந்தா துளைகளுக்குள்ள வெள்ளைப் படலம் நிக்கும். ஊசி முனையால ஒவ்வொரு துளையையும் ஈரத்தில திறந்து விடோணும்.

எட்டாம் நம்பர் | ஜூன் 2

வெள்ளைத்தொப்பி ராத்தா சொன்ன டிரெபிள் பிரிட்டிஷ் டிரெபிள், கொக்கியில ஒருக்கா நூல் சுத்திக் குத்துறது. அமெரிக்க வடிவங்களில இதையே டபிள் குரோசே எண்டு எழுதியிருப்பாங்க. பிரிட்டிஷ் டபிள் குரோசே அவங்களுக்கு சிங்கிள். வடிவத்தில ‘சிங்கிள் குரோசே’ எண்ட சொல் எங்கயாவது வந்தா அது அமெரிக்க எழுத்து. பிரிட்டிஷ் எழுத்தில பொதுவா அந்தச் சொல் வராது. முதல்ல அதைத் தேடிப் பார்த்திட்டுத் தொடங்குங்க.

ரெண்டு முனை ஊசி கிடைக்காதவங்களுக்கு: சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி 2 மி.மீ. துருப்பிடிக்காத கம்பியாக் கேட்டு வாங்குங்க. நாகப் பூச்சுக் கம்பி கைவேர்வையில கறுத்து வெள்ளை நூலில கோடு போடும். வளைஞ்ச தலையையும் மரையையும் வெட்டி 20 செ.மீ ஆக்கி, ரெண்டு முனையையும் அரத்தால சாய்ச்சு, 400 எமரித்தாள், பிறகு 800. கன்னத்தில தேய்ச்சா உரசக் கூடாது, அந்தளவு வழவழப்பு வேணும். அஞ்சு கம்பி ஒரு கட்டு. பூட்ஸுக்கும் இறுக்கமான ரிப்புக்கும் போதும்.

கல்லடிக்காரி | ஜூலை 7

சட்டை முடிஞ்சு, கழுவி, அளவுக்கு வந்திட்டுது. 26 செ.மீ, சொன்னபடியே. இப்ப அதே நூலில பச்சைப்பிள்ளைத் தொப்பி பின்னி ஆசுப்பத்திரிக்குக் கொடுக்க யோசிக்கிறம், நாலைஞ்சு பேர் பின்னேரம் காந்தி பூங்காவில இருந்து பின்னுறம். அளவு வேணும். தொப்பி கழண்டு விழாமலும் இறுக்காமலும் எப்பிடி?

நூல்கண்டு | ஜூலை 7

முதல்ல வார்ட்டில கேளுங்க. என்ன நூல், என்ன அளவு, எடுப்பாங்களா எண்டு தெரியாம ஒரு பெட்டி பின்னிக்கொண்டு போகாதீங்க.

காலம் நிறைஞ்சு பிறந்த பிள்ளையின்ட தலைச்சுற்று 35 செ.மீ அளவு. 30 வாரத்தில பிறந்ததுக்கு 28. கம்பளியிலயெண்டா தலையை விடப் பத்தில ஒண்டுக்கு மேல குறைச்சுப் பின்னலாம், அது நீண்டு கொடுக்கும். பருத்தியில நூத்துக்கு ஏழு எட்டுக்கு மேல குறைக்காதீங்க.

35 செ.மீ தலைக்கு 91 கண்ணி, வட்டமா. ரிப் வேணாம், ஓரம் தானாச் சுருளட்டும். நேரா 10 செ.மீ. பிறகு 13 கண்ணிப்படி ஏழு பங்கு. ஒவ்வொரு பங்கின்ட கடைசியிலயும் ரெண்டைச் சேர்த்து ஒண்டாக்குங்க. ஒரு சுற்றுக் குறைச்சு, ஒரு சுற்றுச் சும்மா பின்னி, பங்குக்கு 7 கண்ணி மிஞ்சும் வரைக்கும். அதுக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலயும் குறைச்சா 7 கண்ணியில முடியும். நூலை வெட்டி அந்த ஏழுக்குள்ளால ரெண்டு தரம் இழுத்து உள்ளுக்குள்ள முடிங்க. முழு உயரம் 15 செ.மீ. 28 செ.மீ தலைக்கு 72 கண்ணி, 9 கண்ணிப்படி எட்டுப் பங்கு, நேர் உயரம் 8 செ.மீ.

பொம்பொம், பொத்தான், ரிப்பன், ரேந்தைத் துளை ஒண்டும் வேணாம். துளையில விரல் மாட்டும், பொத்தான் கழண்டா வாய்க்குள்ள போகும்.

வாவிக்காற்று | ஜூலை 8

ஒக்டோபஸ் பொம்மையும் கேக்கிறாங்களே, குறைமாதப் பிள்ளைக்குப் பக்கத்தில வைக்க.

நூல்கண்டு | ஜூலை 8

2013இல டென்மார்க்கில தொடங்கினது. நூறு வீதம் பருத்தி, 60 பாகையில கழுவக்கூடிய நூல், கால் இழுத்து அளந்தாலும் 22 செ.மீ.க்கு மேல போகக் கூடாது, கழுத்தைச் சுத்தும் எண்டதால. உள்ள வைக்கிற பஞ்சு வெளியில தெரியாத அளவுக்கு நெருக்கமாப் பின்னோணும். எல்லா ஆசுப்பத்திரியும் விடுறதில்ல. மருத்துவர் சம்மதிச்சா மட்டும்.

நூல்கண்டு | ஜூலை 21

5 இழை எண்டு மே மாதம் எழுதினதுக்கு ஒரு சேர்ப்பு. சட்டைக்கு அது சரி. பச்சைப்பிள்ளைத் தொப்பிக்கு 4 இழை, 2.75 ஊசி நல்லா வருது, துணி மெல்லிசா விழும். அப்ப 10 செ.மீ.க்கு 31 கண்ணி கிடைக்கும், 91 எண்டதை 105 ஆக்குங்க, பங்குக்கு 15.

இழை பிரியுது எண்டு சிலர் சேர்த்த நூலை இராட்டையில போட்டு முறுக்குறாங்க. மெல்லிய முறுக்குக் கொடுத்தாப் போதும். ஒரு மீற்றர் நூலை மடிச்சு நடுவைக் கீழ விடுங்க. ஒண்டு ரெண்டு தரம் சுழண்டு நிண்டாச் சரி. கயிறு மாதிரித் தன்னைத்தானே முறுக்கிக் கொண்டா அந்த நூலில பின்னுற ஸ்டொக்கிங் துணி ஒரு பக்கம் சரிஞ்சு போகும், பக்கத் தையல் வயித்துக்கு வந்திடும். கழுவினாலும் நேராகாது.

தறிமேடை | ஜூலை 22

முறுக்காமப் பின்னுறதில ஒரு பெரிய நன்மை இருக்கு. நூல் முடியிற இடத்தில அஞ்சு இழையையும் ஒரே இடத்தில வெட்டாதீங்க. ஒவ்வொண்டையும் 5 செ.மீ தள்ளித் தள்ளி வெட்டி, புது இழையை அதே மாதிரிப் படியாச் சேர்த்துப் பின்னிக்கொண்டு போங்க. முடிச்சும் இல்ல, தடிப்பும் இல்ல. மிஞ்சுற நுனிகளை உள்பக்கத்தில கோர்க்கேக்க மூணு இழையை ஒரு பக்கம், ரெண்டு இழையை மற்றப் பக்கம் எண்டு பிரிச்சுக் கோர்த்தா வழுக்கி வெளியில வராது.

பாவு (தறியில நீளவாக்கில ஓடுற நூல்) முடிவில தறியில வெட்டி எறியிற கையளவு நூல்களையும் கேட்டு எடுங்க. பின்ன நீளம் காணாது. பொம்மைக்குள்ள அடைக்கவும் குஞ்சம் கட்டவும் உதவும்.

வாவிக்காற்று | நவம்பர் 17

வாடைக் காத்து தொடங்கின நாளில இருந்து கழுவின சட்டை காயுதே இல்ல. ஊமை மணம் வருது. மூங்கில் ஊசியில கண்ணி நகருதும் இல்ல. அலுமாரியில பாச்சை உருண்டை போட்டாச் சரிதானே?

நூல்கண்டு | நவம்பர் 17

பருத்தித் துணியில ஈரம் ஒரு நாளுக்கு மேல நிண்டாப் பூஞ்சணம் பிடிக்கும். கழுவின உடன தடிச்ச துவாயில வைச்சுச் சுருட்டி, முழங்காலால அமத்தித் தண்ணியை வெளியேத்துங்க. பிறகு பன் பாயில இன்னொரு காய்ஞ்ச துவாய் விரிச்சு, அதுக்கு மேல அளவுக்குப் படுத்தி, மின்விசிறிக்குக் கீழ. துவாய் இல்லாம நேரே பாயில போட்டாப் பன்னின்ட சாயம் ஈரத் துணியில இறங்கும். கொடியில தொங்கப் போடவே வேணாம், தண்ணிப் பாரத்தில நீண்டிடும். பாதி காய்ஞ்சதும் உள்பக்கத்தால சூடான அயர்ன் வைச்சு முடிச்சிடுங்க, பருத்தி தாங்கும்.

மூங்கில் ஈரத்தை இழுத்துப் பொருமும். மாரி காலத்துக்கு அலுமினியம் எடுங்க. மூங்கிலைக் காய வைச்சு 800 எமரித்தாளால தேய்ச்சு, மெழுகுத்தாளால துடைச்சு வைச்சாக் கச்சானுக்குத் திரும்பப் பாவிக்கலாம். இரும்பு ஊசி உப்புக்காத்தில துருப்பிடிச்சு நூலைக் கெடுக்கும், எந்தக் காலத்துக்கும் வேணாம்.

பாச்சை உருண்டை பிள்ளை உடுப்புக்குக் கிட்டவே கூடாது, அந்தப் புகை பச்சைப்பிள்ளைக்கு ஆபத்து. அதோட கம்பளி தின்னுற அந்துப்பூச்சி பருத்தியைத் தேடி வராது. பருத்திக்கு வாறது வெள்ளி நிறத்தில ஓடுற இராமபாணம். அது கஞ்சியைத் தின்ன வரும்.

வெள்ளைத்தொப்பி | நவம்பர் 18

அதுதான். தொப்பிகளைக் கஞ்சியோட அடுக்கி வைக்காதீங்க. எடுத்து வைக்க முந்திக் கஞ்சியைக் கழுவி நல்லாக் காய வைச்சு, காத்துப் புகாத டப்பாவில வைங்க. நோன்புக்கு முந்தி எடுத்துத் திரும்பக் கஞ்சி போட்டாப் போதும். டப்பாக்குள்ள ஒரு துணி முடிச்சில வறுத்த அரிசி வைச்சா ஈரத்தை இழுக்கும். மாதத்துக்கு ஒருக்கா மாத்துங்க.

கல்லடிக்காரி | டிசம்பர் 8

ரெண்டாவது சட்டையில பொத்தான் பட்டி அலை அலையா நிக்குது. உடம்பு சரியா இருக்கு. ஒவ்வொரு வரிக்கும் ஒரு கண்ணி எடுத்துத்தான் பட்டி பின்னினது.

நூல்கண்டு | டிசம்பர் 8

வரியும் கண்ணியும் ஒரே உயரம் இல்ல. 10 செ.மீ.க்கு 36 வரி, 28 கண்ணி. 9 வரிக்கு 7 கண்ணிதான் எடுக்கோணும். எண்ணச் சுகமா நாலு வரிக்கு மூணு எடுங்க: மூணு வரியில எடுத்து ஒரு வரியை விடுங்க. கொஞ்சம் குறையுற அந்தளவு பருத்திக்கு நல்லம், பட்டி நீளாமப் பிடிச்சு நிக்கும். இப்ப இருக்கிற பட்டியை மட்டும் அவிழ்த்தாப் போதும், உடம்பில கை வைக்கத் தேவையில்ல. 2.25 ஊசியில எட்டு வரி காட்டர். பொத்தான் துளைக்கு நூலை ஒரு சுற்று ஊசியில போட்டு அடுத்த ரெண்டைச் சேர்த்துப் பின்னுங்க. 11 மி.மீ சிரட்டைப் பொத்தான் அதில இறுக்கமாப் போகும். இதை விடப் பெரிய துளை வைச்சா ரெண்டு தரம் கழுவினதும் பொத்தான் தானாக் கழரும்.

கல்லடிக்காரி | டிசம்பர் 9

அவிழ்த்தாச்சு. பட்டி நீளம் 24 செ.மீ, 86 வரி. 64 கண்ணி எடுத்திருக்கன், சரியா?

நூல்கண்டு | டிசம்பர் 9

சரி. பின்னுங்க. முடிக்கிற வரியில மட்டும் ஊசியை 2.75க்கு மாத்துங்க, இல்லாட்டி ஓரம் இழுத்துப் பிடிச்சு பட்டி வில்லா வளையும்.